திரையை எப்போது அணைப்பது? மாறாத ஆண்குரல் ஒன்றும் பயோஃபீட்பேக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வயதுக்கு வந்த ஆணின் குரல்வளை முழுதாக வளர்ந்திருக்கும். குரல் மட்டும் சிறுவனுடையதாகவோ பெண்ணுடையதாகவோ கேட்கும். இதைப் ‘பியூபர்ஃபோனியா’ என்று எங்கள் கோப்புகளில் எழுதுகிறோம். குரல் பயிற்சியில் இது நன்றாகக் குணமாகும் என்பது ஸ்பீச் தெரபிஸ்ட் எவருக்கும் தெரிந்ததுதான். இந்த ஆய்வில் நான் பேச வருவது அதற்குள் இருக்கும் ஒரு சின்ன விஷயம். குரலின் உயரத்தை, அதாவது சுருதியை, கோடாகக் காட்டும் திரையை நோயாளிக்கு எப்போது காட்டுவது, எப்போது மறைப்பது? எந்தக் கருவி வாங்கலாம் என்று எங்களுக்குள் நிறையப் பேசுகிறோம். வாங்கியதை எப்போது அணைக்க வேண்டும் என்று பேசுவது குறைவு.

தொடங்கும் முன் ஒன்று. இங்கே வரும் இளைஞர் தனி ஒருவர் அல்ல. இதே பிரச்சினையோடு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்பதை ஒரே ஆளாகக் கோத்து எழுதியிருக்கிறேன். தொழில், வயது, குடும்ப விவரம் எல்லாம் மாற்றப்பட்டவை. எண்கள் இப்படிப்பட்ட குரல்களில் வழக்கமாகக் கிடைக்கும் வரம்புக்குள் வைத்துக் காட்டியவை.

வந்தபோது

வயது 24. டிப்ளமா முடித்துவிட்டு இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றின் சர்வீஸ் பிரிவில் வேலை. வண்டி தயாரானதும் வாடிக்கையாளருக்குப் போன் செய்து சொல்வதும், அடுத்த சர்வீஸ் தேதியை ஞாபகப்படுத்துவதும் அவர் பொறுப்பு. “சரிங்க மேடம், சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் போனை வைப்பார்கள். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தார், அப்புறம் விட்டுவிட்டார். பிறகு போன் செய்வதையே குறைத்துக்கொண்டு வாட்ஸப்பில் செய்தி அனுப்ப ஆரம்பித்தார். மேலாளர் அதைக் கவனித்துக் கேட்டபோதுதான் ஈ.என்.டி. டாக்டரிடம் போயிருக்கிறார். அங்கிருந்து என்னிடம் வந்தார்.

நேரில் பார்ப்பவர்கள் யாரும் இவரை ‘மேடம்’ என்று சொல்வதில்லை. தாடி, மீசை, கழுத்தில் எடுப்பாகத் தெரியும் குரல்வளை முகடு எல்லாம் இருக்கின்றன. போனில் முகம் கிடையாது. பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) வரைதான் கடத்தும். குரல் நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதுதான் அடிப்படை அலைவெண். ஆணுடையதும் பெண்ணுடையதும் இரண்டுமே அந்த 300க்குக் கீழே. ஆனாலும் அதன் மடங்குகளாக மேலே வரும் அலைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்துக் காது குரலின் உயரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால் போனிலும் உயரம் தப்பாமல் கேட்கும், திருத்திச் சொல்ல முகம்தான் அங்கே இல்லை.

பள்ளியில் காலை வழிபாட்டுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து பாடியவர் இவர். எட்டாம் வகுப்பில் நண்பர்களின் குரல் கரகரக்க ஆரம்பித்தபோது இவருக்கும் சில வாரம் குரல் தடுமாறியிருக்கிறது. பாட்டில் பிசிறு விழுந்தால் சிரிப்பார்கள் என்று மேலே இழுத்துப் பிடித்துப் பேசப் பழகியிருக்கிறார். அந்தப் பிடி பிறகு விடவே இல்லை. பையன்களே எல்லா வேடமும் போட்ட நம் பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மகரக்கட்டு உடைந்த, அதாவது பருவத்தில் குரல் மாறிய, பையனுக்கு ஸ்திரீ பார்ட் (பெண் வேடம்) போய்விடும். அந்தப் பயத்தில் குரலைக் காப்பாற்றப் பையன்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். காரணம் எப்போதும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. பலரிடம் காரணமே கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் சிகிச்சை நிற்பதில்லை.

கூட வந்த அம்மா, “சின்ன வயசுலேருந்தே இவனுக்கு இனிமையான குரல்ங்க மேடம். வீட்டுல யாரும் அதைக் குறையா நினைச்சதே இல்ல” என்றார். இது ஆறுதலாகச் சொன்னது. ஆனால் புதுக் குரல் வந்தால் அதை முதலில் மறுக்கப்போவதும் வீடாக இருக்கலாம் என்று அப்போதே குறித்து வைத்தேன்.

பரிசோதனை

ஈ.என்.டி. அறிக்கை முக்கியமான கேள்விகளைத் தீர்த்துவிட்டிருந்தது. குரல்வளை ஆணுடையது, முழு வளர்ச்சி. குரல் நாண்களில் கட்டியோ வாதமோ இல்லை. பேசும்போது குரல்வளை கழுத்தில் மேலேறி நிற்கிறது. நாண்கள் நீண்டு, மெலிந்து, விளிம்பில் மட்டும் அதிர்கின்றன. ஹார்மோன் பரிசோதனையும் சரியாக இருந்தது. காது கேட்கும் திறனை நாங்கள் பார்த்தோம், அதுவும் சரி. கடைசியாகச் சொன்னதைச் சிலர் தவிர்த்துவிடுகிறார்கள். தன் குரலைத் தானே சரியாகக் கேட்க முடியாதவருக்கும் உயரம் மாறாமல் நிற்கலாம். அவருக்கான சிகிச்சை வேறு.

நீட்டிய ‘ஆ’வில் 232 ஹெர்ட்ஸ். செய்தித்தாள் வாசிக்கும்போது சராசரி 224, சாதாரணப் பேச்சில் 218. வளர்ந்த ஆண்கள் பொதுவாக 120 ஹெர்ட்ஸை ஒட்டியும் பெண்கள் 200ஐத் தாண்டியும் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் இவர் எங்கே நிற்கிறார் என்று புரியும். சங்கீதக்காரர்களுக்குச் சொல்வதென்றால், 220 ஹெர்ட்ஸ் என்பது ஆறு கட்டை. ஒரு கட்டை 131 ஹெர்ட்ஸ் பக்கத்தில்.

ஒரே மூச்சில் ‘ஆ’வை 9 நொடிதான் இழுக்க முடிந்தது. நாண்கள் முழுதாக மூடாமல் காற்று கசிவதால் இப்படி. குரலால் வாழ்க்கையில் வரும் தடங்கலை அளக்க 1997இல் பார்பரா ஜேக்கப்சனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட 30 கேள்விப் படிவம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 120. இவருடைய கூட்டுத்தொகை 68. ‘போனில் பேசுவதைத் தவிர்க்கிறேன்’ என்ற பொருளில் வரும் கேள்விக்கு முழு நான்கு.

அடுத்து இரண்டு சோதனைகள். இருமச் சொன்னேன், இருமல் ஆழமாக, ஆண் இருமலாக வந்தது. பிறகு ‘ஆ’ சொல்லச் சொல்லிவிட்டு, குரல்வளை முகட்டில் விரலை வைத்து மெல்லப் பின்னும் கீழுமாக அழுத்தினேன். குட்ஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் அழைக்கப்படும் சோதனை இது. அழுத்தம் நாண்களின் இழுவையைத் தளர்த்தும். வீணையில் முறுக்கிய தந்தியைப் பிரடையில் (தந்தியை முறுக்கும் ஆணியில்) கொஞ்சம் விட்டுக்கொடுத்த மாதிரி குரல் சட்டென்று இறங்கும். இவருக்கு 134க்கு இறங்கியது. விரலை எடுத்ததும் மறுபடி 230. கீழ்க்குரல் உள்ளே தயாராகத்தான் இருக்கிறது. இந்தச் சோதனையில் இப்படி இறங்கினால் பயிற்சியில் நல்ல பலன் எதிர்பார்க்கலாம்.

திரை எதற்கு?

இறங்கும் குரலை விரலாலேயே வரவழைக்க முடியும் என்றால் கணினி எதற்கு? நியாயமான கேள்விதான். கருவி எதுவும் இல்லாமல் இதைக் குணப்படுத்திய தலைமுறைகள் இருக்கின்றன.

என் விஷயத்தில் முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. நான் பெண். “இப்படிப் பேசுங்க” என்று 120 ஹெர்ட்ஸில் பேசிக் காட்ட என்னால் முடியாது. ஆண் தெரபிஸ்ட் குரலால் காட்டும் இலக்கை நான் கோடாகக் காட்டுகிறேன். ஸ்பீச் தெரபி படிப்பில் பெண்கள் நிறையச் சேர்கிறார்கள், பியூபர்ஃபோனியாவோடு வருபவர்களோ ஆண்கள். பாடப் புத்தகங்கள் இந்தப் பொருத்தமின்மையைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை.

இரண்டாவது காரணம் காது. பத்து வருடமாக ஒரு குரலில் பேசியவருக்கு அதுதான் ‘நான்’. கீழ்க்குரல் வரும்போது அது தன்னுடையது என்றே அவர் காது ஏற்றுக்கொள்ளாது. அந்த நேரத்தில் காதுக்கு வெளியே ஒரு சாட்சி தேவைப்படுகிறது.

உடலுக்குள் நடப்பதைக் கண்ணுக்கோ காதுக்கோ கொண்டுவந்து காட்டி, அதை வைத்து அந்தச் செயலையே மாற்றப் பழகுவதுதான் பயோஃபீட்பேக். 1963இல் கனடாவின் ஜான் பஸ்மாஜியன் தசையின் மின்சைகையைத் திரையிலும் ஒலிபெருக்கியிலும் கொடுத்து, ஒரே ஒரு நரம்பணு இயக்கும் தசை இழைகளைக்கூட மனிதர்கள் விருப்பப்படி இயக்கலாம் என்று காட்டினார். சிலர் அதை வைத்து முரசு அடிப்பது போன்ற தாளங்களே வாசித்துவிட்டார்கள். குரலைப் பொறுத்தவரை நான் அதற்கும் முன்னால் போவேன். 1854இல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் பாரிஸில் ஒரு பல் மருத்துவக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். மருத்துவ வரலாறு அதை லாரிங்கோஸ்கோப்பியின், அதாவது குரல்வளையைக் கண்ணால் பார்க்கும் பரிசோதனையின், தொடக்கம் என்கிறது. பாடுகிறவர் தன் தொண்டையைப் பார்த்துக்கொண்டே பாடியதை எங்கள் துறையும் சொந்தம் கொண்டாடலாம்.

நான் வைத்திருந்தவை: ஒரு மடிக்கணினி, வாயிலிருந்து விலகாமல் நிற்கும் ஹெட்செட் மைக், குரல் உயரத்தை உடனுக்குடன் கோடாக வரையும் ஒரு மென்பொருள். பதிவுகளை அளக்கத் தனியாக பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. ஆய்வு மாணவர்கள் எல்லோரும் அறிவார்கள். பதிவு செய்த பிறகு அளக்க அதைப்போல் ஒன்று இல்லை. பேசப் பேசக் காட்ட அது ஏற்றதல்ல.

எலெக்ட்ரோகுளோட்டோகிராஃபியையும் கொஞ்சம் பயன்படுத்தினேன். குரல்வளையின் இருபுறமும் இரண்டு மின்தகடுகள். மிக மெல்லிய உயர் அலைவெண் மின்னோட்டம். நாண்கள் ஒன்றையொன்று தொடும்போது தடை குறைகிறது. மேல்குரலில் தொடும் நேரம் குறைவு, கீழ்க்குரலில் அதிகம். படத்தில் அலையின் வடிவமே மாறும். பார்க்க அழகுதான், ஆனால் அவருக்கு அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அர்த்தப்படவில்லை. தசை இறுக்கத்தைக் காட்டும் எலெக்ட்ரோமையோகிராஃபி பக்கம் நான் போகவே இல்லை. குரல் நாணை இழுத்து நீட்டுவது கிரிக்கோதைராய்டு என்ற சின்னத் தசை. அது மற்ற தசைகளுக்கு அடியில் இருக்கிறது. தோல்மேல் ஒட்டும் தகட்டால் அதைத் தனியாகப் பிடிக்க முடியாது, ஊசி வேண்டும். மேல்தகடு காட்டுவது தாடைக்கடியிலும் கழுத்திலும் உள்ள பெரிய தசைகளின் இறுக்கத்தை. கத்திக் கத்திக் குரல் கட்டிக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு அது நல்ல கருவி. இங்கே அது கேள்விக்குப் பக்கத்து வீட்டில் நிற்கிறது.

முதல் சில அமர்வுகள்

இருமலிலிருந்து ஆரம்பித்தோம். இருமி, அதன் வாலிலேயே ‘ம்ம்’ என்று நீட்டுவது. விரல் குரல்வளை மேல். ‘ம்ம்’ கொஞ்ச நேரம் நின்றது. திரையில் மேலே 230ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்த கோடு அறுந்து, 125 பக்கத்தில் புதிதாக முளைத்தது. மேல்குரலிலிருந்து கீழ்க்குரலுக்கு அவர் படிப்படியாக இறங்கி வரவில்லை. அது ஒரு தாவல். கோடு அறுவதைப் பார்த்தவுடனேயே இது வேறு குரல், பழையதைத் தாழ்த்திப் பேசுவது ஆகாது என்று அவருக்குப் புரிந்தது. வாயால் இதை விளக்க எனக்கு அரை மணி நேரமாவது ஆகியிருக்கும்.

ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. “இது என் குரல் மாதிரி இல்ல மேடம். யாரோ பேசற மாதிரி இருக்கு.”

“நடிக்கிற மாதிரி இருக்கா தம்பி?”

“ஆமா. வில்லன் மாதிரி.”

நடிப்பா என்று பார்க்க என் கணவரின் குரலும் என் மாணவர் ஒருவரின் குரலும் பதிவாக இருந்தன. அவர்கள் சம்மதத்தோடு திரையில் ஓடவிட்டேன். ஒன்று 112, இன்னொன்று 131. இவருடையது நடுவில். “வில்லன் இல்ல போல” என்றார். திரை அன்றைக்குக் கற்றுக்கொடுத்தது குறைவு, நம்பவைத்தது அதிகம். தன் குரலைப் பதிவில் கேட்பது யாருக்குமே சங்கடம். எலும்பு வழியாகக் கேட்டுப் பழகிய குரலும் காற்று வழியாகக் கேட்கும் குரலும் ஒன்றாக இருப்பதில்லை. அந்தச் சங்கடத்தோடு புதுக்குரலின் அந்நியமும் சேரும்போது எண் ஒரு பிடிமானம்.

அடுத்த சில அமர்வுகளில் விரல் போனது, இருமலும் போனது. ‘ம்ம்’மிலிருந்து மா, மாமா, மாமரம், நாளை மாலை மழை வரும் என்று நீண்டோம். மெல்லினமும் இடையினமும் நிறைந்த சொற்களாகத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவற்றில் நாண்கள் இடைவிடாமல் அதிர்வதால் கோடு அறுவதில்லை. ‘பட்டம்’, ‘கப்பல்’ போன்றவற்றில் ஒவ்வொரு இரட்டிப்பிலும் அதிர்வு நின்று மீண்டும் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தொடக்கமும் பழைய குரலுக்குத் தாவ ஒரு வாய்ப்பு. அவற்றைப் பின்னால் கொண்டுவந்தோம். ஒன்று முதல் இருபது, கிழமைகள், மாதங்கள் என்று யோசிக்காமல் வரும் தொடர்களும் நன்றாக உதவின.

திரை போனால் குரலும் போனது

இங்கேதான் விஷயம். திரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் பத்தி முழுவதும் 120க்கும் 135க்கும் நடுவில் ஓடியது. குறிப்பேட்டில் அழகான எண்கள். “சரி, இப்போ என்னைப் பார்த்துச் சொல்லுங்க, காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன். “இட்லி மேடம்” என்றது 210 ஹெர்ட்ஸில்.

எதிர்பார்த்ததுதான். உடல் அசைவுகளைக் கற்பதில் பின்னூட்டத்தின் பங்கை 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் அலசி எழுதிய கட்டுரை இன்றும் எங்களுக்கு வழிகாட்டி. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் விடை தெரிந்தால் பயிற்சியின்போது செயல் பிரமாதமாக இருக்கும். விடையை நிறுத்தியதும் சரியும். காரணம் எளிது. விடை வெளியே கிடைக்கும்போது உள்ளே தேட வேண்டியதில்லை. தொண்டையில் என்ன உணர்வு, நெஞ்சில் எவ்வளவு அதிர்வு, காதில் எப்படிக் கேட்டது என்று அவர் கவனிக்கவில்லை. கண்ணால் ஒரு கோட்டைக் கட்டத்துக்குள் வைத்திருந்தார், அவ்வளவுதான். அது கணினி விளையாட்டில் தேர்ச்சி.

பல மென்பொருள்கள் இதை விளையாட்டாகவே ஆக்கித் தருகின்றன. கோட்டுக்குள் பறக்கும் விமானம், சரியான உயரத்தில் வெடிக்கும் பலூன். காது கேளாத குழந்தைக்குக் குரலின் உயரம் என்ற ஒன்று இருக்கிறது என்று காட்ட இவை அருமையானவை. 24 வயது ஆளுக்கு, காது நன்றாகக் கேட்கும் ஆளுக்கு, பலூன் கண்ணைத் திரையில் கட்டிப்போடுவதைத் தவிர வேறு செய்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் ஒரு வாக்கியம் சொல்வார். நான் உடனே எதுவும் சொல்லமாட்டேன். “எங்க இருந்துச்சு?” என்று மட்டும் கேட்பேன். மேலே, கீழே, நடுவில் தாவியது என்று அவர் ஊகிக்க வேண்டும். அப்புறம் திரையைத் திருப்பிக் காட்டுவேன். தொடக்கத்தில் ஊகம் பாதிக்குப் பாதி தவறியது. குறிப்பாக வாக்கியத்தின் கடைசியில் தாவியதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. மெல்ல மெல்ல ஊகமும் கோடும் ஒத்துப்போக ஆரம்பித்தன. இந்த ஒத்துப்போதலைத்தான் நான் முன்னேற்றமாகக் குறித்து வந்தேன், ஹெர்ட்ஸை அல்ல. குரல் 200க்குத் தாவி, “இப்ப மேல போயிடுச்சு” என்று அவரே சொல்லிவிட்டால் எனக்கு அது நல்ல முயற்சி. குரல் 125இல் நின்று, அவருக்கு அது தெரியாவிட்டால் அந்த 125ஆல் பயனில்லை.

அதற்கடுத்த கட்டத்தில் ஊகத்துக்கும் விடை கொடுப்பதைக் குறைத்தேன். 100 முதல் 150 வரை ஒரு பட்டை வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும்வரை மௌனம். தாண்டினால் மட்டும் மேசையில் ஒரு தட்டு. மௌனமே ‘சரி’ என்று அர்த்தம். திரைக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது தன் விரல். இரண்டு விரல்களைக் குரல்வளை மேல் லேசாக வைத்துக்கொண்டு பேசினால் அது மேலேறுவது தொடுகையிலேயே தெரியும். மார்பெலும்பில் உள்ளங்கை வைத்தால் கீழ்க்குரலின் அதிர்வு கைக்குத் தெரியும். இதுவும் பயோஃபீட்பேக்தான், மின்சாரம் மட்டும் வேண்டாம். ஷோரூமில் போன் பேசும்போது மடிக்கணினியை விரித்துவைக்க முடியாது. நெஞ்சில் கை வைப்பதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

கருவி சொல்லும் பொய்கள்

திரையை நம்பி வேலை செய்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயரத்தைக் கண்டுபிடிக்கும் நிரல் அலையில் ஒரே வடிவம் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று தேடுகிறது. கரகரப்பான குரலில் ஒன்றுவிட்டு ஒரு அதிர்வு மாறுபட்டால், இரண்டு அதிர்வுகளைச் சேர்த்து ஒன்றாக எடுத்துக்கொள்ளும். அப்போது 220 என்பது 110ஆகத் தெரியும். பியூபர்ஃபோனியாவில் இது ஆபத்தான தவறு. நாம் ஆசைப்படும் எண் அதுவே. நோயாளியும் தெரபிஸ்டும் சேர்ந்து கைதட்டிக்கொள்ளலாம், குரல் இருந்த இடத்திலேயே இருக்கும். எண் சட்டென்று சரிபாதியானால் முதலில் காதை நம்புங்கள், அப்புறம் அலையைப் பெரிதாக்கி அதிர்வுகளை எண்ணிப் பாருங்கள். குரல் தாவும்போதும் ஏறக்குறைய பாதியாகும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். காதுக்கு மட்டும் அதில் குழப்பமே இருக்காது.

இன்னொன்று நம் கட்டிடங்களின் பிரச்சினை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் சோக்கின் ரீங்காரம் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் வரும். நோயாளி மெதுவாகப் பேசி வாக்கியத்தை முடிக்கும்போது குரலைவிட ரீங்காரம் பெரிதாகி, கோடு 100இல் போய் ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் நல்ல ஆழமான ஆண்குரலில் வாக்கியத்தை முடித்ததுபோல் இருக்கும். யாரும் பேசாமல் சில நொடி பதிவு செய்து பாருங்கள். கோடு வந்தால் அறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மைக்கின் கீழ்வரம்பை உயர்த்துவதோ, விளக்கை மாற்றுவதோ, ஃபேனை நிறுத்துவதோ ஏதாவது செய்ய வேண்டும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு எத்தனை நேரம் பயிற்சி கொடுப்பது என்பது வேறு விஷயம்.

தமிழ் வாக்கியத்தில் எங்கே தாவுகிறது

ஊகப் பயிற்சியின் பதிவுகளை உட்கார்ந்து கேட்டபோது தாவல்கள் சில இடங்களில் குவிந்திருந்தன. முதலிடம் கேள்விகளுக்கு. “வண்டி எடுத்துட்டுப் போயாச்சா?”, “நாளைக்கு வரீங்களா?” என்று கடைசியில் ‘ஆ’ வரும் கேள்விகளில் நம் சுருதி அந்த ‘ஆ’வில் ஏறும். ஏறும்போது பழைய குரல் அதைப் பறித்துக்கொள்ளும். அவர் வேலையே இந்தக் கேள்விகள்தான். ஆகவே வண்டி, தேதி, பில் எல்லாம் வைத்து அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையே பயிற்சி வாக்கியங்களாக எழுதிக்கொண்டோம். தூரத்திலிருப்பவரைக் கூப்பிடும் “அண்ணே!” அடுத்த இடம். மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர்களிடம் பணிவாகப் பேசும்போது இவர் குரல் மென்மையாகி மேலேறியது. அப்பாவிடம் பேசும் பதிவில் தாவல் அதிகம், நண்பர்களோடு பேசியதில் குறைவு. பணிவுக்குச் சுருதி ஏற வேண்டியதில்லை, சத்தம் குறைந்தால் போதும் என்று பிரித்துப் பழகியது தனியாக ஒரு வேலையாகவே நடந்தது.

வீடும் வேலையும்

வீட்டுப் பயிற்சிக்குப் போனில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் செயலி போதும். வீணைக்கும் கித்தாருக்கும் சுருதி சேர்ப்பவர்கள் வைத்திருப்பதுதான். பயிற்சி தொடங்கும்போது ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை பார்த்தால் போதும், நடுவில் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை. இதை எவ்வளவு கடைப்பிடித்தார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. போன் கையில் இருந்தால் பார்க்கத்தான் தோன்றும்.

வீட்டில் புதுக்குரல் கேட்டதும் தங்கை சிரித்திருக்கிறாள். அம்மா சளி பிடித்துவிட்டது என்று கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதனால் அவர் வீட்டில் பழைய குரலிலும் வெளியே புதுக் குரலிலும் பேச ஆரம்பித்தார். இது அபாயமான ஏற்பாடு. இரண்டு குரலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் களைப்பிலும் பதற்றத்திலும் பழையதுதான் ஜெயிக்கும். அம்மா, அப்பா, தங்கை மூவரையும் ஓர் அமர்வுக்கு வரச் சொன்னேன். குரல்வளைப் படத்தைக் காட்டி, மாதிரிக் குரல்களை ஓடவிட்டு, இவருடையதையும் ஓடவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, “இவங்க சித்தப்பா குரல் அப்படியே இருக்கு” என்றார். அன்றிலிருந்து வீட்டில் சிக்கல் குறைந்தது. திரையால் செய்ய முடியாத வேலையைச் சித்தப்பா செய்துவிட்டார்.

வேலையிடத்தில் முதலில் புது வாடிக்கையாளர்களுக்கு மட்டும் போன் செய்தார். பழைய குரலைக் கேட்டிராதவர்களிடம் தயக்கம் குறைவு. பிறகு மற்றவர்களுக்கும்.

முடிவில் எடுத்த அளவுகள்

பயிற்சி முடிந்தபோது வாசிப்பில் சராசரி 124 ஹெர்ட்ஸ், பேச்சில் 131. ‘ஆ’ 17 நொடி நீடித்தது. 30 கேள்விப் படிவத்தில் 68 என்பது 15 ஆனது; மிச்சமிருந்த புள்ளிகள் பெரும்பாலும் ‘சத்தமான இடத்தில் பேசுவது கஷ்டம்’ என்ற வகைக் கேள்விகளில். ஆறு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் நானே போனில் கூப்பிட்டேன். சம்மதம் வாங்கிப் பதிவு செய்து அளந்தபோது 133. திரையோ தட்டலோ இல்லாத இந்த எண்தான் என் கோப்பில் அடிக்கோடிட்டு இருக்கிறது.

இந்தப் பலனில் பயோஃபீட்பேக்குக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால், கீழ்க்குரலை வரவழைத்ததில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பேன். அதைச் செய்தது இருமலும் விரலும். அது தன் குரல்தான் என்று ஏற்கவைத்ததில் பங்கு பெரிது. நிலைநிறுத்தியதில் உதவியது திரை காட்டிய நேரத்தைவிட அதை மறைத்து வைத்த நேரம். ஒப்பிட வேறொரு குழு இல்லாத, பலரிடம் கண்டதைக் கோத்து எழுதிய ஒரே நிகழ்வில் இதற்கு மேல் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. கருவி இல்லாத மையத்தில் வேலை செய்யும் தோழர்கள் இதை வாசித்து ஏங்க வேண்டியதில்லை. ஒரு போன், ஒரு டியூனர், கூடவே ஊகிக்கச் சொல்லும் பொறுமை இருந்தால் இதில் முக்கால்வாசி செய்துவிடலாம்.

பயிற்சிக்கு இறங்காத குரல்களும் உண்டு. அவர்களுக்கு ஜப்பானின் நொபுஹிகோ இஷிகி வகுத்த தைரோபிளாஸ்டி முறைகளில் மூன்றாம் வகை அறுவை இருக்கிறது. குரல்வளைக் குருத்தெலும்பைக் குறுக்கி நாண்களைத் தளர்த்துவது. இவருக்கு அந்தப் பேச்சே எழவில்லை. நன்றாக நடத்திய பயிற்சி தோற்ற பிறகுதான் அந்தப் பேச்சு எழ வேண்டும் என்பது என் கருத்து.

மீதியிருப்பது சத்தம். சர்வீஸ் கூடத்தில் காற்றழுத்தக் கருவியும் ரேஸ் செய்யும் வண்டிகளும் ஓடும்போது எவருக்கும் குரல் தானாக உயரும். எட்டியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விவரித்த விளைவு அது. சத்தத்தோடு சுருதியும் ஏறும், ஏறினால் தாவல். இப்போது அவருடைய பணிக்கூடத்தின் இரைச்சலையே போனில் பதிவு செய்து வரச்சொல்லி, அதை ஹெட்போனில் ஓடவிட்டுப் பேசிப் பழகுகிறோம். இரைச்சலில் தன் குரலே கேட்காதபோது காதால் ஊகிக்க முடியாது, விரலையும் நெஞ்சதிர்வையும்தான் நம்ப வேண்டும். குறைந்த இரைச்சலில் அவர் ஊகம் சரியாக இருக்கிறது. கூட்டினால் இன்னும் தவறுகிறது. அடுத்த மாதம் கூடத்துக்கே போய் அளப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.